விலையாட்டு

மார்ச் 9

அன்புத் தங்கை புள்ளிக்கு,

இறைவன் திருவருள் உன் வீட்டு வாசலில் நிலைத்து நிற்பதாக. நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் வழக்காடுகிறது. காது முன்போலத்தான்; தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதாகவே படுகிறது. ஆகையால் நமக்குத் தபால்காரரே கதி. உன் உடல்நிலையையும் மகளின் வேலையையும் பற்றி விரிவாக எழுது.

இனி, தலையாய செய்தி. நான்குக்கு ஒன்று! ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எண்ணினால் இப்போதும் பேனா துள்ளுகிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீ, அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியே சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி, எனக்கும் ஒன்றை அனுப்பிவைத்தபோது, மறைநூல் வகுப்பு நடத்துகிறவனுக்கு இது தகுமா என்று தயங்கியவன் நான். இன்றோ, ஞாயிறு பிற்பகல் நான்கு மணி எப்போது வரும் என்று சனிக்கிழமை காலையிலேயே கடிகாரத்தைப் பார்க்கிறேன். மூன்றாவது கோலைக் கண்டாயா? உன் தடுப்பாளர் இருவருக்கும் நடுவே, ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல் பந்தை நுழைத்தேனே!

ஆயினும் ஒரு நெருடல். பலமுறை பந்தை என் ஆட்டக்காரன் காலடியிலேயே கொண்டுவந்து வைத்தாய். அண்ணன் என்ற மரியாதையோ? அதை வீட்டுக்கு வரும்போது காட்டு. களத்தில் வேண்டாம்.

இன்னொன்று. நம் ‘களவீரர்’ கால்பந்து விளையாட்டின் இந்த ஆண்டுப் பதிப்பு அடுத்த மாதம் வருகிறதாம். விலையைப் பார்த்துவிட்டு, பூஜ்யம் ஒன்று கூடுதலாக அச்சாகிவிட்டதோ என்று ஐயுற்றேன். ஒரே நூலின் ஏடுகளுக்கிடையே ஒரு சொல், இரண்டு சொல் மாறி வருவதைப் பாடபேதம் என்கிறோம் அல்லவா? போன ஆண்டுப் பதிப்புக்கும் அதற்கு முந்தையதற்கும் இருந்த பாடபேதம் என்ன? சட்டையின் நிறம், கோல்கீப்பரின் தலைமுடி. இதற்கு முழு விலையா? ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். அதுவரை பழைய பதிப்பிலேயே உன்னைத் தோற்கடிக்கச் சித்தமாயிருக்கிறேன்.

உன் நலம் நாடும்
அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்குப் புள்ளியின் வணக்கம்.

முழங்காலோடு வழக்காடாதீர்கள், சமாதானமாகப் போங்கள். நான் நலம். மகள் மாலையில் எவ்வளவு களைத்து வந்தாலும், “யாரும்மா ஜெயிச்சது?” என்று கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை. கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறார், வேறொன்றுமில்லை.

“நான்குக்கு ஒன்று” என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதையும் அப்படியே எழுதினால் என்ன? மற்ற வரிகளெல்லாம் எறும்பு ஊர்ந்த தடம்போல் இருக்கின்றன. அடுத்த கடிதத்தைக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதுங்கள். காலமெல்லாம் பிறர் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவள் கேட்கிறேன்.

நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

புதிய பதிப்புக்கு வருகிறேன். உங்கள் அலமாரியில் ஒரே மறைநூலுக்கு எத்தனை உரைகள் வைத்திருக்கிறீர்கள்? மூலம் ஒன்றுதானே? போன ஆண்டு இன்னோர் உரை வெளிவந்தபோது, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றவர் யார்? அது பாதி விலையோ? “பழைய உரைகாரர்கள் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார், ஆனால் ஓரிடத்தில் மட்டும் எவரும் காணாத பொருளைக் கண்டிருக்கிறார், அந்த ஓரிடத்துக்காக வாங்கினேன்” என்று எனக்கு நான்கு பக்கம் எழுதினீர்கள். இந்தப் பதிப்பிலும் அப்படி ஓரிடம் இருக்கலாமே?

வாங்கிவிடுங்கள், அண்ணா. புதியதும் பழையதும் ஒன்றோடொன்று சேர்ந்து ஆடாதாம். இருவரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் நம் ஞாயிறு நடக்கும்.

பணிவுடன் (களத்துக்கு வெளியே மட்டும்)
புள்ளி


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

நலம் பெருகுக. நீ கேட்டபடி பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கிறேன். வாதம் சூடு பிடித்தால் எழுத்து சிறுத்துவிடும், பொறுத்துக்கொள்.

உரைகாரரை விளையாட்டு நிறுவனத்தோடு ஒரே தட்டில் வைத்துவிட்டாயே! அவர் ஓரிடத்துப் பொருளுக்காக வாழ்நாளைக் கரைத்தவர். இவர்கள் என்ன செய்தார்கள் என்று அறிய நேரில் கடைக்கே போனேன். புதிய பதிப்பின் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். அங்கிருந்த விற்பனைப் பெண் என்னைக் கண்டதும், “பேரனுக்கா ஐயா?” என்றாள்.

“எனக்கு.”

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை வாய்க்குள் மடித்துக்கொண்டு, “சொல்லுங்கய்யா” என்றாள்.

“போன வருஷத்துக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“மழை பெஞ்சா சட்டை நனையும் ஐயா.”

“ஏன், போன வருஷம் மழை பெய்யலையா?”

“பெஞ்சுது. சட்டை நனையல.”

“அப்புறம்?”

“மெனு நீலமா இருந்துது, இப்ப பச்சை. செட்டிங்ஸ்ல இன்னும் என்னென்னவோ சேர்த்திருக்காங்க. அதெல்லாம் யாரு பார்க்கிறா?”

பார், விற்கிறவளே ஒப்புக்கொள்கிறாள்! ஈரச் சட்டைக்கு முழு விலை கொடுக்க என் மனச்சான்று இடம் தரவில்லை. என் வகுப்புக்கு வரும் மருந்துக்கடைக்காரரும் இதையே சொன்னார்: “அவசரப்படாதீங்க ஐயா. நாள் போனா மாத்திரைதான் விலை ஏறும், கேம் இறங்கும்.” அந்த ஓரிடம் எது? நீ காட்டு, நான் வாங்குகிறேன்.

இதையும் கேட்டுவிடுகிறேன். இந்த ஞாயிறு உன் கோலுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு பந்தைத் தேடினாய். பந்து உன் காலடியில் இருந்தது. சின்ன வயதில் நான் அழக்கூடாது என்று தாயக்கட்டையைத் தப்பாக எண்ணியவள் நீ. அந்தப் பழைய குணம் திரும்பிவிட்டதா?

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தாமதத்தைப் பொறுக்க வேண்டும். நலமே. உங்கள் முழங்காலையும் காதையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஓரிடம் எது என்று கேட்டீர்கள். ஒலி. புதிய பதிப்பில் ஒலி மிக நன்றாக இருக்கிறதாம். நனைகிற சட்டை எனக்கும் வேண்டாம்.

விட்டுக்கொடுத்தேனா என்றும் கேட்டீர்கள். ஆம், விட்டுக்கொடுத்தேன். போதுமா?

பழைய பதிப்பில் இனி நான் ஆடப்போவதில்லை. புதியதை வாங்கப்போகிறேன். நீங்களும் வாங்கினால் நம் ஞாயிறு உண்டு. வாங்காவிட்டால் இல்லை. இதற்கு மேல் என்னிடம் காரணம் கேட்காதீர்கள்.

புள்ளி


மே 1

தங்கைக்கு,

நலம். உன் நலத்தையும் வேண்டுகிறேன். கோபத்திலும் அதை மறப்பதற்கில்லை.

ஒலியா! இத்தனை பேர் இருக்க என்னிடமா ஒலியின் பெருமையைப் பேசுகிறாய்? ரசிகர் கூச்சல், நடுவரின் விசில் அனைத்தையும் என்றோ அணைத்துவிட்டு, ஊமைப்படம் பார்ப்பதுபோல் ஆடுகிறவன் நான். செவிடனுக்குச் சங்கு ஊத முழு விலை கேட்கிறாயே!

அதுவாவது போகட்டும். விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வெற்றி பெற்ற ஒவ்வொரு ஞாயிறும் கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். வகுப்பில் செருக்கைக் கண்டித்துச் செய்யுள் சொல்லிவிட்டு, உள்ளே வந்து கண்ணாடி முன்னால் மார்பை நிமிர்த்தியிருக்கிறேன். அத்தனையும் நீ போட்ட பிச்சையா? உன் இரக்கம் எனக்கு வேண்டாம். புதிய பதிப்பும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்க எனக்கு எட்டு உரைகள் இருக்கின்றன.

அண்ணன்


மே 24

அன்புத் தங்கைக்கு,

நலமா? மூன்று வாரமாய்த் தபால்காரர் என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார். கேட்டில் சாய்த்து வைக்கும் அவர் சைக்கிளைக்கூட வெறுக்கத் தொடங்கிவிட்டேன்.

என் சென்ற கடிதம் கொஞ்சம் காரமாகிவிட்டது. உரைகளைப் படிக்கிறேன் என்று எழுதினேனே, படித்தேன். நான்கு மணி அடித்ததும் கை தானாகப் பெட்டியைத் தேடியது. பழைய பதிப்பில் முகம் தெரியாத யாரோ ஒருவரோடு ஆடினேன். அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘அடிச்சுத்தூக்கு’. பெயருக்குக் களங்கம் வராமல் நடந்துகொண்டார். ஒன்பதுக்குப் பூஜ்யம்! ஒவ்வொரு கோலுக்கும் அவருடைய ஆட்டக்காரன் என் முன்னால் வந்து இடுப்பை ஆட்டினான். அவமானத்தைக் காட்டிலும் ஏக்கம்தான் மிகுந்தது: இப்படித் தோற்றபின் யாருக்குக் கடிதம் எழுதுவது?

மருந்துக்கடைக்காரர், “தங்கச்சிகூட ஆட்டம் எப்படிங்கய்யா போகுது?” என்று கேட்டார். “விலை இறங்கட்டும்னு பார்க்கிறோம்” என்றேன். “யாரு விலையைச் சொல்றீங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


ஜூன் 2

அன்பில்லா அண்ணாவுக்கு,

வணக்கம். கடிதம் அச்சில் வந்திருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். கை கொஞ்சம் சொன்னபடி கேட்பதில்லை. ஆகவே கணினியில் எழுதுகிறேன். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடிச்சுத்தூக்கு என்பவரை என்னிடம் அனுப்புங்கள், பழி தீர்க்கிறேன். புதிய விலையாட்டை நான் வாங்கிவிட்டேன்! முழு விலை கொடுத்துத்தான். முதல் பத்து நாள் ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது வெறி பிடித்ததுபோல் ஆடுகிறேன். நேற்று இயந்திரத்தோடு ஆடி மூன்று கோள்களை அடித்தேன். அதில் ஒரு கோள் கலத்தின் நடுவிலிருந்து! மகள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

ஓரிடம் என்று சொன்னேனே, அது உண்மைதான், அண்ணா. புதிய பதிப்பில் ஒளி அவ்வளவு தெளிவு. அந்த ஒளியே போதும். கண்ணை மூடிக்கொண்டே ஆடலாம்.

நீங்களும் இருந்தால் விலையாட்டு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் இனி வற்புறுத்த மாட்டேன். விலை பாதியாகட்டும், காத்திருக்கிறேன்.

உங்கள்
புலி


ஜூன் 7

என் அன்புத் தங்கைக்கு,

இறைவன் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காப்பானாக. இந்தக் கடிதத்தை மகள் உனக்குப் படித்துக்காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன். மருமகளே, நிறுத்தி நிதானமாகப் படி.

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். “அன்பில்லா அண்ணா” என்பதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு, தகும் என்றும் ஒப்புக்கொண்டேன். விலையாட்டு என்று எழுதியதை, விலையைப் பற்றி வழக்காடிய எனக்கு நீ வைத்த சிலேடை என்று மெச்சினேன். மூன்று கோள்களை அடித்தாள், வானத்தில் இன்னும் எத்தனை மிச்சமோ என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தேன். புலி என்று கையெழுத்திட்டிருந்தாய். இந்தச் செருக்கு உனக்குப் பொருத்தம்தான் என்றேன்.

பிறகு ‘கலம்’ என்ற சொல்லில் வந்து நின்றேன். அதில் சிலேடை இல்லை. வெறும் பிழை.

ஒற்றெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவள் நீ. அதனால் அல்லவா அச்சகமே உனக்குப் புள்ளி என்று பெயர் வைத்தது? என் திருமண அழைப்பிதழையே சிவப்பு மையால் கிழித்துத் திருப்பி அனுப்பினாய். அப்படிப்பட்டவள் தன் பெயரையே புலி என்று விட்டுவிடுவாளா? கண்ணெதிரே இருந்தால் விடமாட்டாள்.

கடைசியில், “ஒளியே போதும், கண்ணை மூடிக்கொண்டே ஆடலாம்” என்ற வரியை மறுபடி படித்தேன். ஒளி இருந்தால் கண்ணை ஏன் மூட வேண்டும்? அது ஒலி. நீ வாயால் சொல்லியிருக்கிறாய். கணினி அதற்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறது. நீ அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவ்வளவையும் ஒரு லகரமும் ஒரு ளகரமும் எனக்குச் சொல்லின. நீ சொல்லவில்லை.

பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாய். நான்கு வரி எழுதிவிட்டுச் சிறுக்கவைத்தேன். காலடியில் பந்தை வைத்துக்கொண்டு தேடினாய். அதை இரக்கம் என்றேன்.

கடைக்குப் போய்வந்தேன். அந்தப் பெண், “விலை இன்னும் இறங்கலையே ஐயா” என்றாள். “தெரியும்மா, கொடு” என்றேன்.

இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. அந்த ஒலி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு எழுது. முழுவதும் எழுது.

உன்
அண்ணன்


ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தையும் வாயால்தான் சொல்கிறேன்; ஆனால் மகளை உட்காரவைத்து, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். “அம்மா, ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரமா?” என்று முனகுகிறாள். போன கடிதத்தைப் படிக்கக் கேட்டபோது ‘புலி’யில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே! கண் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பிழை தபாலில் போனதைப் பொறுக்க முடியவில்லை.

முழுவதும் போகவில்லை. நான் எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் மறைகிறது. சுற்றியுள்ளவை கலங்கலாகத் தெரிகின்றன. ஒருவர் முகத்தைப் பார்த்தால் காதுகள் தெரியும், முகம் இருக்காது. திரையிலும் அப்படித்தான். மைதானம் தெரியும், பந்து இருக்காது. இதற்கு மேல் கெடாமல் மருந்து நிறுத்திவைக்கலாம், போனது திரும்பாது என்கிறார் மருத்துவர்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். தெரிந்தால் நீங்கள் எனக்கு விட்டுக்கொடுப்பீர்கள். ஞாயிறுதோறும் நான் வெல்வேன். அப்படியொரு வெற்றி எனக்கு வேண்டாம். வேண்டுமென்றே தோற்கிறேன் என்று உங்களை நம்பவைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

போகட்டும், ஆட்டத்துக்கு வாருங்கள்! செட்டிங்ஸில் உள்ளே உள்ளே போனால், ‘கேட்டு ஆடு’ என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரப் பெண் யாரும் பார்ப்பதில்லை என்றாளே, அதுதான். அதைத் திறந்துவிட்டால் பந்து ஒரு மெல்லிய கிலுகிலுப்பை ஆகிவிடுகிறது. இடப்பக்கம் போனால் இடக்காதில் கேட்கும். என் ஆட்டக்காரன் பந்தை நெருங்கினால் கிலுகிலுப்பு விரைவாகும். என் ஆட்கள் மரத்தரையில் நடப்பதுபோல் ஓடுவார்கள். உங்கள் ஆட்கள் சரளைக்கல்லில் நடப்பார்கள். கோல் நேரே வரும்போது வீணைத் தந்தியை மீட்டும் ஓசை கேட்கும், அண்ணா! கம்பத்துக்கு வெளியே குறி போனால் அது அபசுரமாகும். நேரே வந்தால் சுத்தமாக நிற்கும். அந்தச் சுருதி சேரும் நொடியில் உதைக்க வேண்டும். அந்த நொடிக்காக நான் நாள் முழுக்கக் காத்திருக்கிறேன்.

ஞாயிறு, நான்கு மணி. ஒரே ஒரு நிபந்தனை. இரக்கம் தெரிந்தால், அந்தக் கணமே கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவேன். உங்கள் ஆட்கள் சரளைக்கல்லில் தயங்கினால் எனக்குக் கேட்கும்.

உங்கள்
புள்ளி


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

நலம் உண்டாகுக. எனக்கு நலம் இல்லை. ஆறுக்கு இரண்டு!

இரக்கமாம்! அதற்கு நேரம் எங்கே கொடுத்தாய்? வலப்பக்கம் போவதாகப் போக்குக் காட்டினேன். உன் தடுப்பாளன் அசையவே இல்லை. கண்ணால் பார்க்கிறவன் அந்தப் போக்குக்கு ஏமாறுவான். நீ காலடி ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். இத்தனை நாள் நான் பட்டை தீட்டி வைத்த பொய்யெல்லாம் ஒரே பிற்பகலில் செல்லாக்காசாகிவிட்டது.

நானும் அந்த வகையில் ஆடிப் பார்த்தேன். காதுக் கருவியைத் தேடியெடுத்து மாட்டி, ஒலியை முழுவதும் ஏற்றி, திரைமேல் துண்டைப் போர்த்தினேன். என் கோலுக்குள் நானே இருமுறை பந்தை அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இனி வழக்கின் தீர்ப்பு. ஆண்டுதோறும் வரும் பதிப்பை முழு விலை கொடுத்து வாங்கலாமா? இரு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உரைநூலை ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டேன். புல் அதே புல். ரசிகர்கள் அதே முகத்தோடு அதே இடத்தில் எழுந்து உட்காருகிறார்கள். சட்டை நனைகிறது, நனைந்து என்ன பயன் என்று தெரியவில்லை. வாங்கத் தகாது என்பதே என் தீர்ப்பு. அந்தக் கிலுகிலுப்பை ஒன்றுக்கு மட்டும் இரு மடங்கும் தகும். ஆனால் அதைப் பழைய பதிப்புக்கும் இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். கோயில் வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்ட வேண்டிய சாய்தளத்தைக் கருவறைக்குள் கட்டிவிட்டு, நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். இதை நிறுவனத்துக்கே எழுதிப் போட்டேன். பதில் வந்தது: “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.” கையெழுத்துப் போட ஓர் ஆள்கூட இல்லை.

வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. தோற்றதில்தான்.

அண்ணன்


ஜூலை 13

தோல்வியிலும் குன்றாத அண்ணாவுக்கு,

வணக்கம். நலம், மிக நலம். ஐந்துக்கு மூன்று, நான்குக்கு மூன்று என்று நெருங்கிக்கொண்டே வருகிறீர்கள். ஓடாமல் நடந்து வரக் கற்றுவிட்டீர்கள். நடந்தால் சரளைக்கல் சத்தம் பாதிதான் கேட்கிறது. போன ஞாயிறு என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. பந்து போனபின் நான் கத்திய கத்தலில் மகள் குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். “மாமா திருடன்போல வந்துட்டார்” என்றேன். “யாரு வீட்டுக்குள்ளம்மா?” என்று துடைப்பத்தைத் தூக்கினாள்.

உங்கள் தீர்ப்பை ஏற்கிறேன், ஒரு சொல்லைத் தவிர. ‘கிலுகிலுப்பை’ என்பது அற்பமாக ஒலிக்கிறது. சலங்கை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஞாயிறு, நான்கு மணி.

புள்ளி


ஜூலை 22

என் அன்புத் தங்கைக்கு,

அனைத்தும் நலம். இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை; மேசையருகே நின்றுகொண்டு எழுதுகிறேன்.

நீ அறியாத ஒரு செய்தி. இந்த ஞாயிறு நான்குக்கு நான்கு என்று நின்று, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று அல்லவா? ஐந்து மணிக்கு எனக்கு வகுப்பு. நான் மறந்தே போனேன். மருந்துக்கடைக்காரர், தையல்கடை அம்மையார், ஓய்வுபெற்ற நில அளவையாளர், மேலும் சிலர் நூலும் கையுமாகக் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் என் முன்னால் வந்து கையை ஆட்டினார்.

“ஐயா, வகுப்பு?”

“உட்காருங்க. திரையை மறைக்காதீங்க!”

இந்தக் குரலை என்னிடம் அவர்கள் கேட்டதில்லை. அத்தனை பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தையல்கடை அம்மையார் என் காதருகே குனிந்து, “எதிர்ல யாருங்க?” என்றார்.

“தங்கச்சி.”

“சின்னவங்கதானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்.”

“விடமாட்டேன். விட்டா கொன்னுடுவா!”

என் ஆள் நடந்து வந்தான். ஓசை எழாமல் உன் பின்னால் வந்தான். பந்தைப் பறித்தேன், உன் கோல் வாய் திறந்து கிடந்தது, நில அளவையாளர் “வலது மூலை, வலது மூலை!” என்று தொடையைத் தட்டினார். உதைத்தேன். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்து எங்கே விழும் என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தோம். உன் ஆள் மட்டும் அது விழும் இடத்துக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஒரே ஓட்டம். என் தடுப்பாளர் மூவர், மூவரையும் கடந்தாய். கோலுக்கு நேரே வந்து, அரை நொடி நின்றாய். ஏன் நிற்கிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சுருதி சேர்ந்தது. உதைத்தாய்.

ஐந்து.

கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது, புள்ளி! என்னைத் தேற்ற ஒருவரும் இல்லை. என்னிடம் பாடம் கேட்கிறவர்கள், என் தரையில் உட்கார்ந்துகொண்டு, என் எதிராளிக்குக் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் விசிலே அடித்தார். தையல்கடை அம்மையார், “உங்க தங்கச்சி யாருங்க, இப்படி ஆடுறாங்க!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். உன் கண்ணைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் கோலுக்குத்தான் கைதட்டினார்கள்.

அந்த ஓசை என் காதுக்கே கேட்டது. உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதினேன்.

வாழ்க வளமுடன்.

உன்
அண்ணன்